மூன்றாவது போதும்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, முதலில் கையில் இருக்கிற முறுக்கைக் கீழே வையுங்கள். இது சாப்பாட்டுக் கதை. கடித்துக்கொண்டே கேட்டால் செரிக்காது.

ராஜாக்கள் கொஞ்சமாகவும் காடு நிறையவும் இருந்த காலம் அது. மருதங்காவல் என்ற ஊரில் ஆவுடைநம்பி என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். மிளகு விற்று அவர் பெயர் வாங்கவில்லை. விருந்து வைத்துத்தான் பெயர் வாங்கினார். அந்த ஊர் வழியாக யார் போனாலும் சரி, பசியோடு போக முடியாது. பசி இல்லாமல் வந்தாலும் தப்பிப் போக முடியாது.

அவர் வீட்டுப் பந்தியில் ஒரு சட்டம் உண்டு. இலை முன் உட்கார்ந்தவர் முதல் தடவை "போதும்" என்றால், அது வெட்கத்துக்குச் சொல்வது. இரண்டாவது தடவை "போதும்" என்றால், அது மரியாதைக்குச் சொல்வது. மூன்றாவது தடவை "போதும்" என்றால்தான் வயிறு சொல்வது. அதுவரை கரண்டி நிற்காது. இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாலும், விரல் இடுக்கு வழியாக ரசம் இறங்கும்.

ஆவுடைநம்பிக்கு உயிர் ஒரு கிளியின் மேல். புயலில் மரப்பொந்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து, கண் திறந்த நாள் முதலாக மடியில் வைத்து வளர்த்தார். கண்ணாட்டி என்று பெயர் வைத்தார். ஆயிரம் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வீட்டில், போகாமல் கூடவே இருந்தது அந்தக் கிளி ஒன்றுதான். அவருக்கும் அவர் மனைவி வடிவாம்பாளுக்கும் வேறு பிள்ளை குட்டி இல்லை.

கண்ணாட்டியின் கூண்டு பந்திக் கூடத்தில் தொங்கியது. பிள்ளை எதைக் கேட்டு வளர்கிறதோ அதைத்தானே பேசும்? கிளிக்கு "அக்கா" வரவில்லை, "ராமா" வரவில்லை. வந்தது ஒரே ஒரு வார்த்தை. விருந்தாளிகள் இலையை மறைத்துக்கொண்டு அலறுகிற அதே குரலில், "போதும் போதும்!" என்றது.

ஆவுடைநம்பி பூரித்துப் போனார். "பாத்தியா வடிவு, என் பிள்ளைக்கு இருக்கிற நாகரிகத்தை!" என்றார். உடனே இரண்டு பாதாம் பருப்பை உரித்து வாயில் ஊட்டினார்.

"போதும் போதும்!"

"வெட்கப்படாதடி, ராசாத்தி!" என்று ஒரு துண்டு நெய் அதிரசம்.

"போதும் போதும்!"

"மரியாதையைப் பாரு, மரியாதையை!" என்று ஒரு உருண்டை தேங்காய்ப் பாகு.

கிளி ஒரு மூச்சுக்கு எப்போதும் இரண்டு "போதும்"தான் சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூன்றாவது வராததால் கரண்டியும் நிற்கவில்லை. ஐயோ பாவம், அதற்கு அந்த வீட்டுச் சட்டத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மூன்று மழைக்காலம் போனது. நான்காவது மழைக்காலத்தில் கண்ணாட்டிக்கு நோய் வந்தது. தண்டில் ஏறி உட்காராமல் கூண்டின் தரையிலேயே குந்தியது. இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. வயிறு உப்பியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டது.

ஆவுடைநம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உடம்பு தேய்ஞ்சு போச்சு. தெம்பு கொடுக்கணும்" என்றார்.

"என்னங்க, அதுதான் போதும் போதும்னு சொல்லுதே" என்றாள் வடிவாம்பாள்.

"நோயாளி அப்படித்தான் சொல்லும். நாமதான் பாத்து ஊட்டணும்."

ஊருக்குச் செய்தி பரவியது. உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க யாராவது வெறுங்கையோடு போவார்களா? ஒருவர் மாம்பழம் கொண்டுவந்தார். ஒருவர் வெல்லம் கொண்டுவந்தார். ஒருவர் நெய்யில் வறுத்த முந்திரி கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லாம் "அடடா, இளைச்சுப் போச்சே!" என்று ஆளுக்கொரு வாய் ஊட்டிவிட்டுத்தான் போனார்கள். கிளியோ ஊதிப்போய்க் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தது.

பிறகு வைத்தியர்கள் வந்தார்கள். முதல் வைத்தியர் நன்றாகச் சாப்பிட்டார், கிளியைப் பார்த்தார், "பாலில் பேரீச்சை ஊற வைத்துக் கொடுங்கள்" என்றார். இரண்டாவது வைத்தியர் இன்னும் நன்றாகச் சாப்பிட்டார், கிளியைப் பார்த்தார், "வெண்ணெயில் ஏலம் குழைத்துக் கொடுங்கள்" என்றார்.

மூன்றாவது வைத்தியர் கெட்டிக்காரர். கூண்டைப் பார்த்த உடனே அவருக்கு நோய் புரிந்துவிட்டது. ஆனால் பாருங்கள், அவரும் முதலில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வகைக் கறியையும் சாப்பிட்டு, கை ஈரம் காயாமல், இந்த வீட்டுச் சாப்பாடுதான் நோய் என்று எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"கொஞ்சம் குறைச்சு..."

"குறைச்சலா?" ஆவுடைநம்பியின் முகம் சிவந்தது. "என் வீட்டிலா குறைச்சல்? எதில் குறைச்சல் கண்டீர், சொல்லும்!"

வைத்தியருக்கு வியர்த்துவிட்டது. "கொஞ்சம் குறைச்சுக் கவலைப்படுங்கள் என்று சொல்ல வந்தேன்" என்றார். கிளிக்கு இன்னும் மூன்று நாள்தான் என்று வடிவாம்பாளிடம் மட்டும் முணுமுணுத்துவிட்டு, வெற்றிலையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மூன்றாம் நாளில்தான் வந்தது சங்கடம். அன்றைக்குத்தான் ஆவுடைநம்பியின் வருஷாந்திரப் பெருவிருந்து. பத்து ஊர் ஜனங்களை வெற்றிலை வைத்து அழைத்தாயிற்று. உயிர் போன வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பிள்ளையாக வளர்த்த கிளிக்கும் அதே வழக்கம்தான். விருந்தையும் விட முடியவில்லை, கிளியையும் விட முடியவில்லை. ஆவுடைநம்பி தூணைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"மூணு நாளைக்குப் பக்கத்து வீட்டில் விடலாம்" என்றாள் வடிவாம்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கொடையப்பன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், பாவம், அவர்கள் என்ன கண்டார்கள்? அவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால், "மழை வரும், இரு" என்பார். அவர் வீட்டு அடுப்பில் பூனை நிம்மதியாகத் தூங்கும். காக்கைகூட அந்தக் கூரையில் உட்காராமல் சுற்றிக்கொண்டுதான் போகும்.

வேறு வழியில்லாமல் ஆவுடைநம்பி கூண்டோடு போய் நின்றார். கூடவே பாதாம் ஒரு கூடை, அத்தி ஒரு கூடை, நெய்ப் பலகாரம் ஒரு கூடை.

"அண்ணே, வேளைக்கு வேளை இதையெல்லாம் ஊட்டணும். போதும் போதும்னு சொல்லும். காதில் வாங்காதீங்க" என்று தழுதழுத்தார்.

"நீ போ தம்பி. நான் பாத்துக்கிறேன்" என்றார் கொடையப்பன்.

பார்த்துக்கொண்டார். ஆவுடைநம்பியின் தலை மறைந்ததும் மூன்று கூடையையும் பரணில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். கிளிக்கு ஒரு வேப்பங்கொம்பு, ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர், காலையில் ஒரு சிட்டிகைத் தினை. அந்தச் சிட்டிகையிலும் பாதியைத் திரும்ப எடுக்கலாமா என்று ஒருமுறை யோசித்தார்.

"போதும் போதும்!" என்றது கிளி, வழக்கமான பயத்தில்.

"நல்லது" என்றார் கொடையப்பன். பிறந்ததிலிருந்து அந்தக் கிளி சொன்ன சொல்லை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

விருந்து முடிந்தது. ஆவுடைநம்பி மஞ்சள் துணியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்தார். கொல்லையில் குழி தோண்ட வேண்டும் என்பது எண்ணம். வந்து பார்த்தால், கண்ணாட்டி கூண்டுத் தண்டில் ஏறி உட்கார்ந்து, வேப்பங்கொம்பைக் கொறித்துக்கொண்டு, ஒரு காலால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது.

மண்வெட்டி கை நழுவிக் கீழே விழுந்தது. "அண்ணே! தெய்வமே! என்ன மருந்து கொடுத்தீங்க?"

கொடையப்பனுக்குப் பரண் ஞாபகம் வந்து திக்கென்றது. கூடையைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? "நான் ஒண்ணுமே கொடுக்கலையே, தம்பி" என்றார்.

அதுதான் சத்தியம். ஆனால் ஆவுடைநம்பி அதை எப்படி நம்புவார்? பதினாறு வகை வைத்துவிட்டு, "ஒண்ணுமே செய்யலை, ஏதோ இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்று வாசலில் நின்று சொல்கிற மனிதராயிற்றே! "ஆகா, என்ன அடக்கம்! பெரிய வைத்தியர்கள் இப்படித்தான்" என்று விழுந்து கும்பிட்டார். ஊரெல்லாம் சொன்னார். மறுநாள் முதல் ஊர் ஜனங்கள் நோய்ப்பட்ட புறாவையும் மைனாவையும், கூடைகூடையாகத் தீனியோடு, கொடையப்பன் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பறவைகள் பிழைத்தன. பரண் நிறைந்தது.

வீட்டுக்கு வந்த கண்ணாட்டிக்கு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? பிழைத்து வந்த பிள்ளை! மூன்று நாள் பட்டினிக்கும் சேர்த்து ஊட்டினார். மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, மறுபடியும் தரையில் குந்தியது, வால் ஆடியது. மறுபடியும் கூடைகளோடு கொடையப்பன் வீட்டுக்கு ஓடினார். மறுபடியும் மூன்றே நாளில் பிழைத்தது. "ஒண்ணுமே கொடுக்கலை, தம்பி." "என்ன அடக்கம், அண்ணே!"

மூன்றாவது தடவை, கிளி யாரையும் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் பீளை கட்ட ஆரம்பித்த அன்று, பாதாம் கிண்ணத்தோடு ஆவுடைநம்பி கூண்டைத் திறந்தார். அவர் விரலுக்கு அடியில் புகுந்து அது வெளியே வந்தது. கனத்த உடம்பைத் தூக்க முடியாமல் தூக்கி, ஒரு சிறகடி, இரண்டு சிறகடி, மூன்றாவதில் மதில்மேல் போய் விழுந்தது. அந்தப் பக்கம் கொடையப்பனின் காய்ந்த முற்றம். இந்தப் பக்கம் கிண்ணத்தோடு ஆவுடைநம்பி.

"கண்ணாட்டி, போகாதடி! வா தாயி! ஒரே ஒரு வாய்!"

கிளிக்கு மூச்சு இரைத்தது. "போதும் போதும்" என்றது.

"வெட்கப்படாதடி..." என்று ஆவுடைநம்பி கையை நீட்டினார். வாய் பழக்கத்தில் அதைச் சொன்னது. கண்ணிலோ தண்ணீர் கொட்டியது.

கிளி அவரைத் தலை சாய்த்துப் பார்த்தது.

"போதும்" என்றது.

நீட்டிய கை அப்படியே நின்றது. எத்தனை ஆயிரம் பேருக்குப் பரிமாறிய கை! மூன்றாவது "போதும்" கேட்டால் நிற்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். நான்கு வருஷமாக வெட்கம் என்றும் மரியாதை என்றும் தான் கொஞ்சிச் சிரித்ததெல்லாம், பிள்ளை உயிருக்குக் கெஞ்சியதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்தார். அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். நிமிர்ந்து பார்த்தபோது மதில்மேல் கிளி இல்லை.

மறுநாள் கொடையப்பன் வாசலில் போய் நின்றார். "அண்ணே, திருப்பிக் கேட்க வரலை. அது உங்க வீட்டிலேயே இருக்கட்டும். தினம் ஒரு தரம் கண்ணால் பாத்துட்டுப் போறேன்."

கொடையப்பன் யோசித்தார். "தாராளமா வா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "ஆனா கொண்டுவர்றதை என் பரணில் வச்சிடணும். கிளிகிட்ட வெறுங்கையோட போகணும்."

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு! ஆவுடைநம்பி பரம்பரையில் நடக்காத காரியம். கூசிக்கொண்டேதான் போய் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மடியில் வைத்தார், முதுகுக்குப் பின்னால் வைத்தார், கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் விரித்து முன்னால் வைத்தார்.

ஏழாம் நாள் கண்ணாட்டி வேப்பங்கொம்பிலிருந்து இறங்கியது. மெல்ல மெல்ல நடந்து வந்தது. விரித்த கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான்கு வருஷமும் அந்தக் கையில் ஏதாவது ஒரு பலகாரம் இருந்துகொண்டே இருந்தது, கிளிக்கு உட்கார இடம் எங்கே இருந்தது? ஆவுடைநம்பி மூச்சுக்கூட விடவில்லை. அது ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் ஊட்டவில்லை.

அடுத்த வருஷப் பெருவிருந்தில் ஒரு வேடிக்கை நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஊர் ஜனமும் பழக்கப்படி முதல் கரண்டிக்கே "போதும்" என்றார்கள். ஆவுடைநம்பி "நல்லது" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஊரே அரை வயிற்றோடு எழுந்து போனது. அதன் பிறகு அந்த வீட்டில் போதும் என்றால் போதும், வேணும் என்றால் வேணும்.

ஆகவே, இப்போது முறுக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இதையும் சொல்லி வைக்கிறேன்: நாம் நேசிக்கிற உயிர் சொல்வதைக் காதில் வாங்காமல் அள்ளி அள்ளிக் கொடுப்பது அன்பு ஆகாது.