பானைக்குள் போன தெரு

ஏரித் தண்ணீரை ஊருக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி உலகநாதரைச் சிலம்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கட்டிலில் படுத்தபடி வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கு ஒரு சீட்டு வாங்குங்கடா. அதுல தெருப் பேரும் எத்தனை தலைன்னும் இருக்கணும். ஒரே தெருச் சீட்டை அடுத்தடுத்து அடுக்கிக் கூட்டுங்க. தெரு மாறினா பழைய தொகையை விட்டுட்டுப் புதுசாத் தொடங்குங்க. அடுக்க நேரமில்லைன்னா மூணு பானை வச்சு, முதல் எழுத்துப்படி போடுங்க. ஒரு பானையில ரெண்டு தெரு விழுந்தா பானைக்குள்ளயே பிரிச்சுக்கிடுங்க.”

விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊரில் நாலு தெரு. தலைக்குத் தக்கபடிதான் ஏரித் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் கூட்டித் தராவிட்டால் முறை அடுத்த ஊருக்குப் போய்விடும். சிலம்பனின் நாற்று ஏற்கெனவே மஞ்சளடித்துக் கிடந்தது. அவனும் மைத்துனன் குழந்தையப்பனும் கூட்டாளி மொட்டையாண்டியும் சீட்டெல்லாம் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

சீட்டை அடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மொட்டையாண்டி கைக்கு வந்தபடி படித்தான். “மேலத்தெரு, ஆறு பேர். அடுத்தது கீழத்தெரு. தெரு மாறிடுச்சு, ஆறை விட்டுடுங்க.”

மூவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆறை மறந்தார்கள்.

“மறுபடி மேலத்தெரு, அஞ்சு. முன்ன எத்தனை?”

“மறந்தாச்சேப்பா. நீதானே விடச் சொன்னே?”

அறுபது சீட்டும் தீர்ந்தபோது, கடைசிச் சீட்டின்படி ஊரில் மொத்தம் நாலு பேர் இருந்தார்கள்.

“நாம மூணு பேரு சரி. அந்த இன்னொருத்தன் யாரு?” என்று கவலைப்பட்டான் குழந்தையப்பன்.

பானைக்கு மாறினார்கள். மேலத்தெருவுக்கும் செக்கடித்தெருவுக்கும் தனித்தனிப் பானை வாய்த்தது. கீழத்தெருவும் சிலம்பன் குடியிருந்த கிணற்றுத்தெருவும் ஒரே பானையில் விழுந்தன.

“கீழே கொட்டிப் பிரிக்கலாமே” என்றான் சிலம்பன்.

“பானைக்குள்ளயேன்னு சொல்லிட்டுச் செத்திருக்காரு மச்சான். இனி யாரைப் போய்க் கேட்கிறது?”

மொட்டையாண்டி தலையை உள்ளே விட்டான். இருட்டாக இருக்கிறது என்றான். குழந்தையப்பன் அகல் விளக்கைக் கொளுத்தி உள்ளே கொடுத்தான்.

“இப்ப நல்லாத் தெரியுது” என்றது பானை.

“என்ன தெரியுது?”

“நெருப்பு.”

மொட்டையாண்டி புருவமில்லாமல் வெளியே வந்தான். பானையில் ஒரு பிடி சாம்பல்.

“இதுல எத்தனை பேரு?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப என் நாத்துக்குத் தண்ணி?”

“ஆளே இல்லாத தெருவுல உனக்கேது மச்சான் நாத்து?”

சிலம்பன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. தெருவில் வீடு வீடாகப் போய் விவரம் சொன்னான். பிறகு தன் வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கிணற்றுத்தெருவில் பதினொரு வீடு இன்னும் இருக்கிறது. கதவைத் தட்டினால், ஆளில்லை என்று உள்ளேயிருந்து பதில் வரும்.