குச்சியைப் பிடுங்கிய நாள்

பனி இறங்கினால் பொருள்களுக்கெல்லாம் வாய் முளைக்கும் ஊர் ஒன்று இருந்தது. வெயில் ஏறினால் எல்லாம் பழையபடி ஊமை. அந்த ஊரில் மாரிக்கண்ணு என்றொருத்தி, புருஷன் போன பிறகு, இருந்த ஒரே வயலை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வயல் விளைந்தால்தான் அவள் வீட்டு அடுப்பு எரியும்.

அவள் கொட்டகையில் ஒரு சவுக்குக் குச்சி கிடந்தது. அதற்கு மேலே, ஆணியில், மருந்தடிக்கும் மிஷின் தொங்கியது.

ஒருநாள் காலை பனியோடு பனியாக ஆணையம்மாள் வந்தாள். தலைநகரத்தில் பிறந்தவள், அரசாங்கம் பெற்ற பெண். வெள்ளைச் சேலை கட்டி, கால் தரையில் படாமல் மிதந்து வருவாள். தன்னிடம் எழுதிக் கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுவாள்.

"பூச்சியைக் கண்டதும் விஷத்தைத் தூக்காதே, மாரிக்கண்ணு. விஷம் கடைசியில்தான். முதலில் வயலில் குச்சி நட்டு வை. பறவை வந்து உட்காரும், புழுவை அது பார்த்துக்கொள்ளும். குச்சி நிற்கிறதா என்று நான் திரும்ப வந்து பார்ப்பேன்."

"ஆகட்டும்மா," என்றாள் மாரிக்கண்ணு. சவுக்குக் குச்சியை எடுத்து, தலையில் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டினாள். குச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன மிஷினண்ணே, இனிமே தொங்கிட்டே கிடங்க," என்றது மிஷினைப் பார்த்து. "தவளை, சிலந்தி, தட்டான்... ஒண்ணையாவது விட்டு வச்சீங்களா? சீ, நீங்களும் ஒரு ஆளா!"

மிஷினின் குழாய் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

வயலில் குச்சி ராஜா மாதிரி நின்றது. கரிச்சான் வந்து அதன்மேல் உட்கார்ந்து புழுவைக் கொத்தியது. சிலந்திகள் திரும்பி வந்து தூருக்குத் தூர் வலை கட்டின. காலையில் பனிக்குள் வயலே மிதக்கும். குச்சிக்கோ, தான்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதாக நினைப்பு! பயிரெல்லாம் அதை "அண்ணே, அண்ணே" என்று சுற்றி நின்று கூப்பிட்டன. நெஞ்சு நிறைந்து போயிற்று அதற்கு.

பிறகு கதிர் பால் பிடித்தது.

வெயில் ஏறியதும் சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குச்சிமேல் உட்கார்ந்தன. உட்கார இடம் தருவதுதானே குச்சியின் குணம், தந்தது. அவை கீழே பார்த்தன, கதிருக்குத் தாவின, பாலை உறிஞ்சின. வெயிலில் வாயில்லாத குச்சி பார்த்துக்கொண்டே நின்றது.

மறுநாள் பனியில் பயிர் அழுதது. "அண்ணே, யாரைக் கூட்டிட்டு வந்து வச்சிருக்கீங்க?"

குருவியை விரட்டத் தகரத்தை எடுத்துக்கொண்டு வந்த மாரிக்கண்ணுவைப் பார்த்துக் குச்சி கத்தியது. "என்னைப் பிடுங்கு, தாயி! நான் நிக்கிறவரைக்கும் அதுங்க போகாது."

மாரிக்கண்ணு குச்சியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"அந்தம்மா வந்து பாக்குறப்போ நீ இல்லேன்னா, சொன்ன பேச்சுக் கேக்காதவள்னு எனக்குப் பேராயிடும்ப்பா. நில்லு. நான் கத்தி விரட்டிக்கிறேன்."

கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். குருவிகள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் குச்சிமேலேயே வந்து உட்கார்ந்தன. வடக்கு மூலை முழுக்கப் பதராகிப் போனது.

அப்புறம் ஒரு காலை, மாரிக்கண்ணு வரப்பில் நிற்கையில், ஆணையம்மாள் மிதந்து வந்தாள். "குச்சி நிற்கிறது. ரொம்பச் சந்தோஷம்," என்று சொல்லித் திரும்பினாள். கிழக்கே வெளுத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குச்சிக்கு வாய் போய்விடும்.

"அம்மா, போயிடாதீங்க! என்னைப் பிடுங்கச் சொல்லுங்க!" என்று அலறியது குச்சி. "இந்தக் கதிரும் போச்சுன்னா இவ வருஷம் பூரா எதைக் குடிப்பா?"

ஆணையம்மாள் திகைத்தாள். "நடச் சொல்லித்தானே என்னிடம் எழுதியிருக்கிறது? பிடுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே."

"கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கம்மா. புண்ணியமாப் போகும்."

அவள் தயங்கித் தயங்கிக் காலைக் கீழே வைத்தாள். சேறு கணுக்கால்வரை ஏறியது. குளிர்ச்சியில் உடம்பு சிலிர்த்தது. வடக்கு மூலைக்கு நடந்து போய் ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அடடா, இது தெரியாமல் எத்தனை வயலுக்கு மேலே மிதந்து வந்துவிட்டேன்!" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பிடுங்கு, மாரிக்கண்ணு. நான் சொன்னேன் என்றே பிடுங்கு."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வெயிலோடு வந்த குருவிகள் உட்கார இடமில்லாமல் வட்டமடித்துவிட்டு ஆற்றங்கரைப் புதர்ப் பக்கம் போய்விட்டன. ஒரு மூலை போனது போனதுதான். மீதி வயல் மாரிக்கண்ணுக்கு மிஞ்சியது.

குச்சி கொட்டகைக்குத் திரும்பியது. மறுநாள் பனி இறங்கியதும், மிஷின் தன்னைக் கேலி பேசப்போகிறது என்று ஒடுங்கிப் படுத்திருந்தது.

"உன்னை யாருடா பிடுங்கினது?" என்று மட்டும் கேட்டது மிஷின்.

"ஆணையம்மாளே சேத்துல இறங்கி வந்தாங்கண்ணே. 'இப்போதைக்குப் போதும், வா. அடுத்த நடவுக்குக் கூப்பிடுறேன்'னாங்க."

மிஷினின் குழாயிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.

"குடுத்து வச்சவன்டா நீ," என்றது மிஷின். "நானும் நல்லது செய்யத்தான் வந்தேன். போதும்னு எங்கிட்ட யாருமே சொல்லலை."