துண்டுப் பிள்ளை

முப்பது வருஷம் பிரம்பும் கையுமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வேதமாணிக்கம் சார், ஓய்வு பெற்றபின் பாலவாடியில் வேலை பழக வந்தார். பழக்கிவிட்டது இசக்கியம்மாள் டீச்சர். அவரைவிட இருபத்தைந்து வயசு சின்னவர். அதுகூட சாருக்குப் பெரிசாகத் தெரியவில்லை. கவியரசுதான் தலைவலி.

அவனுக்கு நாலு வயசு. வரிசையில் நிற்க வைத்தால் முன்னால் நிற்கிற பிள்ளையைக் கடிப்பான். இதுவரை மூன்று பேர். இன்னொரு பிள்ளை மேல் பல் பட்டால் அவனை அனுப்பவே வேண்டாம் என்று மற்ற அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா தீப்பெட்டி வேலைக்குப் போகிறவள். வேறு எங்கே கொண்டுபோய் விடுவாள்?

ஒரு மாசமாகச் சார் அவனுக்கு வரிசை பழக்கினார். மிரட்டிப் பார்த்தார். மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். அவரையும் கடித்தான்.

அன்றைக்குப் பிள்ளைகள் வாசலில் ரேஷன் கடை போட்டார்கள். மணல்தான் அரிசி. கடைக்காரி தர்ஷிகா. வரிசையில் ஆறு பேர். கடைசியில் கவியரசு, சாருடைய துண்டைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு.

சார் எழுந்தார். "கடிச்சிருவான் டீச்சர். கலைச்சு விட்டுர்றேன். இது எண் சொல்லிக்கொடுக்கிற நேரம் வேற."

"உக்காருங்க சார்."

"கைரேகை விழல," என்றாள் தர்ஷிகா. "விரலத் தொடச்சிட்டு வைங்க."

வரிசை நகரவில்லை. கவியரசுக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "தள்ளாத" என்றான். சார் மறுபடி எழப் போனார்.

"நான் எங்க தள்ளுனேன்," என்றான் கவியரசு. துண்டைத் தட்டிக்கொடுத்தான். "அழாத ராசா. இந்தா வாங்கிட்டுப் போயிரலாம். அம்மாவும் நின்னுட்டுதான இருக்கேன்."

கால் மணி நேரம் நின்றான். அவன் முறை வந்தது.

"சீனி தீந்துபோச்சு. நாளைக்கு வாங்க."

"சரிக்கா," என்று திரும்பிவிட்டான்.

சார் வாயைப் பிளந்தார். "ஒரு மாசமா ஒரு நிமிஷம் நிக்கலியே டீச்சர். இப்ப எப்படி?"

டீச்சர் அடுப்பைப் பார்த்தார். முட்டை வெந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டார். எல்லாரும் வரிசைக்கு ஓடினார்கள். கவியரசும் துண்டை இடுப்பில் வைத்தபடியே போனான்.

"விளையாட்டு முடிஞ்சுதுடா, துண்டக் கொண்டா," என்று சார் கை நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

"வாங்காதீங்க சார். கவியரசுக்குத்தான் நிக்க வராது. அவன் அம்மா நிப்பாங்க."