மின்னல் வேகப் போனும் பட்டன் போனும்

அட, உக்காருங்கப்பா! பேச்சை நிறுத்துங்க, சேரை இழுக்காதீங்க. சொல்றதுக்குள்ள எனக்கு வாய் துறுதுறுங்குது.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற நாச்சிமுத்து புதுசா ஒரு போன் வாங்குனாரு. வாங்குன கையோட கம்பெனி ஆளுக எல்லாத்தையும் கூப்பிட்டு, தொண்டையைக் கனைச்சு, "க்ஹும்! மின்னல் வேக நெட்டு! கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முழுப் படமும் எறங்கும். இனி பட்டன் போன் வெச்சிருக்கறவனுக்கு இங்க வேலை இல்லே!"ன்னாரு.

பட்டன் போன் வெச்சிருந்தது அயர்ன் போடற மருதாசலம் ஒருத்தன்தான். அவன் தலையைச் சொறிஞ்சான்.

"ஏனுங்க மொதலாளி, ஒரு பந்தயம். நம்ம ரெண்டு பேரு வீடும் பின் தெருதான். போன்ல வீட்டுக்குச் சொல்லிச் சோறு வரவெப்போம். உங்களுது முந்துனா நான் போயிர்றனுங்க. என்னுது முந்துனா என்னை விட்டுருங்க."

"சரிடா!" மொதலாளி போனை மூஞ்சிக்கு நேரா புடிச்சு, "சோறு கொண்டா!"ன்னு வீடியோ எடுத்து அனுப்புனாரு. படக்குன்னு போயிருச்சு. மருதாசலம் ஒரே ஒரு மிஸ்டு கால் குடுத்துட்டு போனைப் பையில போட்டான்.

"பேசக்கூட இல்லியேடா!"ன்னு மொதலாளி சிரிச்சாரு.

சிரிப்பு அடங்கலே, மருதாசலம் சம்சாரம் சோத்துத் தூக்குப்போசியோட வந்து நின்னா. அவங்க வீட்டுல ஒரு ரிங்குன்னா சோறுன்னு அர்த்தம்.

அவன் தின்னு கை கழுவுனப்புறம், எப்பவும் சோறு கொண்டுவர்ற நேரத்துக்கு மொதலாளியம்மா மெதுவா உள்ள வந்தாங்க. வாயே தொறக்காத மனுசி.

"வீடியோ வரலியா?"ன்னு கத்துனாரு மொதலாளி.

"அப்பவே வந்துருச்சுங்க. காலையில இருந்து நீங்க அனுப்புனதையெல்லாம் வரிசையாப் பாத்துட்டு வர்றேனுங்க. இன்னும் குட்மார்னிங்கே முடியலீங்க."