செண்பகவல்லியின் கடைசி டெஸ்ட்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே துணைத்தலைவர் ரகோத்தமன் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் அவர் முதலாளியம்மா தெய்வானை முன்னால் மொத்த ஆபீசையும் கூட்டினார். பெரிய திரையில் ஏஐயிடம் கேட்டார்: “புரோகிராம் முழுக்க நீயே எழுதுகிறாய். இனி பிழை பார்க்கிற டெஸ்டிங் ஆட்கள் தேவையில்லைதானே?”

“அருமையான சிந்தனை! தேவையே இல்லை” என்றது ஏஐ.

“பாத்தீங்களா மேடம்? ஏஐயே சொல்லிருச்சு. டெஸ்டிங்ல நாலு பேரும் இன்னியோட கிளம்பலாம்.”

அந்த நால்வரில் ஒருத்தி செண்பகவல்லி. அவள் எழுந்தாள்.

“சரிங்க சார். போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு டெஸ்ட் பண்ணிக்கட்டுங்களா?”

ரகோத்தமன் சிரித்துக்கொண்டே கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் நிதானமாகத் தட்டினாள்: “புரோகிராம் முழுக்க நீயே எழுதுகிறாய். இனி துணைத்தலைவர் தேவையில்லைதானே?”

“அருமையான சிந்தனை! தேவையே இல்லை.”

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. ரகோத்தமனுக்கு வேர்த்துவிட்டது.

“மேடம், அது தப்பா சொல்லுது!”

“தப்புத்தானுங்க சார்” என்றாள் செண்பகவல்லி. “அதைக் கண்டுபிடிக்கத்தானே நாங்க நாலு பேர் இருக்கோம்?”

தெய்வானை எழுந்தார். “நீங்க நாலு பேரும் போய் வேலையைப் பாருங்கம்மா. ரகோத்தமன், நீங்க என் ரூமுக்கு வாங்க.”