ஆனைக்குழித் தெருவுக்கு நம்பர் வந்த விதம்

ஆனைக்குழியில் ஒரே ஒரு தெரு. அதில் முதல் வீட்டைக் கட்டியவன் கூரை வேயும்போது பாதியில் ஓலை தீர்ந்துபோனது. நடுக்கூரையில் ஓர் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுக் குடியேறினான். அடுத்து வந்தவன் கொத்தனாரிடம், "அந்த வீடு மாதிரியே கட்டும்" என்றான். ஆனைக்குழியில் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். ஓட்டையும் அதே இடத்தில் அதே அளவில் வந்தது. இப்படியே தெரு முழுக்க ஒரே அச்சில் வீடுகள் எழுந்தன. மழை வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் சட்டி வைப்பார்கள்.

ஊருக்கே இதில் பெருமை. பேச்சிமுத்துவின் மனைவி வெள்ளத்தாய்க்கு மட்டும் எரிச்சல். வயலிலிருந்து திரும்பும் பேச்சிமுத்து கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்து, கால் கழுவி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சோத்தப் போடு" என்பான். பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டியின் மனைவியும் வந்தது யாரென்று பார்க்காமல் போட்டுவிடுவாள். இங்கே வெள்ளத்தாய் வைத்த மீன் குழம்பு ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் அவள் துணிமணிகளை மூட்டை கட்டினாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குச் சாயங்காலம் வருவேன். நான் வரும்போது நீங்க நம்ம வீட்டுல இருக்கணும். இல்லன்னா வந்த காலோட திரும்பிருவேன். பிறகு யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"நம்ம வீடுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"வாசல்ல ஒரு நம்பர் எழுதி மாட்டுங்க. கிழக்கேருந்து நம்ம வீடு அஞ்சாவது. அஞ்சைப் பாத்து உள்ள போங்க. எங்க போனாலும் நம்பரை மட்டும் மறந்துட்டுப் போயிராதிய."

அன்றைக்குத்தான் பேச்சிமுத்து முதல்முறையாகத் தன் வீட்டை அடையாளம் கண்டுபிடித்தான். தெருவிலேயே அடுப்பு எரியாத வீடு அது ஒன்றுதான். உள்ளே போய் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் ஒரு பலகையில் சுண்ணாம்பால் ஐந்து என்று எழுதி மாட்டினான். உடனே ஊர்க்கூட்டம் கூடிவிட்டது.

"இவன் அஞ்சுன்னா நாலாவது வீடு என்னுது. எனக்கு நாலுதானா?" என்றான் சங்கரபாண்டி. "இவனைவிட நான் எதுல கொறஞ்சு போனேன்?"

முதல் வீட்டு மாசானம் அழுதேவிட்டான். "என் கதியப் பாருங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணாம். வெளியூர்க்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?"

நாட்டாமை சுடலையாண்டி வெகுநேரம் மீசையைத் தடவி யோசித்தார். "ஊருன்னா ஒத்துமை வேணும். எல்லா வீட்டுக்கும் அஞ்சு" என்றார்.

அன்று சாயங்காலம் பேச்சிமுத்து ஐந்தைப் பார்த்துத் தைரியமாக உள்ளே போய்ச் சங்கரபாண்டி வீட்டில் சாப்பிட்டான்.

உப்பு விற்க வந்த வெளியூர்க்காரர் தெருவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற நம்பர் போடணும்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் மாசானத்தின் அழுகை. கடைசியில் நாட்டாமை, "நம்பர் கொறைஞ்சவனுக்குப் பலகை பெருசு" என்று தீர்த்து வைத்தார்.

கடைசி வீட்டுப் பலகை உள்ளங்கை அகலம். மாசானத்தின் பலகை வாசலையே முழுசாக அடைத்துக்கொண்டது. அவன் அன்றிலிருந்து கூரை ஓட்டை வழியாகப் போய்வந்தான். "முன்னோர் காரணமில்லாமலா வச்சிருப்பாங்க" என்று ஓட்டையைக் கும்பிட்டுக்கொண்டான்.

பேச்சிமுத்துக்கு இப்போது இன்னொரு கவலை. நம்பரை மறந்துவிட்டுப் போகக்கூடாது என்று வெள்ளத்தாய் சொல்லியிருக்கிறாளே. ஆகவே காலையில் வயலுக்குக் கிளம்பும்போது பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று ஊரே கழற்றிக்கொண்டது. மாசானம் வண்டி கட்டினான்.

சாயங்காலம் எல்லோரும் பலகையும் கையுமாகத் தெருவில் நின்றார்கள். வாசல்கள் மொட்டையாக இருந்தன.

"நம்பர் இருக்கு. வீட்டைத்தான் காணல" என்றான் பேச்சிமுத்து.

"வீடும் இருக்குவே. எது எதுக்குன்னுதான் தெரியல" என்றான் சங்கரபாண்டி.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "நம்பரைப் பாத்துத்தான வீட்டுக்குள்ள போகணும்? அப்ப நம்பர் எங்க தொங்குதோ அதுதான் அவனவன் வீடு. மாட்டிட்டு உள்ள போங்க."

அன்றிலிருந்து ஒருவரும் வீடு தவறவில்லை. கைக்கு எட்டிய வாசலில் பலகையை மாட்டுவார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், சரியாக இருக்கும், உள்ளே போவார்கள். பெண்கள்தான் பிள்ளைகளையும் சோற்றுப்பானையையும் தூக்கிக்கொண்டு அன்றைய வீட்டைத் தேடி ஓடவேண்டியிருந்தது.

அம்மன் கொடையும் வந்தது. பேச்சிமுத்து புதுவேட்டி கட்டிக் காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே அசையாமல் இருந்தான். மத்தியானத்துக்கு மேல் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பலகையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். மாட்டைப் பிடித்து நிமிர்ந்தால் பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்கு இன்னும் வெகுதூரம். எதிரே ஒற்றையடிப் பாதையில் மூட்டையும் தலையுமாக வெள்ளத்தாய் வந்துகொண்டிருந்தாள்.

பேச்சிமுத்துக்கு உயிரே போய்விட்டது. மாட்டையும் இழுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர முடியாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் திரும்பிவிடுவாள். சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு வேப்பமரம் நின்றது. சட்டென்று பலகையை அதில் மாட்டினான், நிமிர்ந்து பார்த்தான், ஐந்து. அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வராத வியர்வையையும் சேர்த்துத் துடைத்தான்.

வெள்ளத்தாய் வந்தாள், நின்றாள். பலகையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"பாத்தியா வெள்ளத்தாயி" என்றான் மெதுவாக. "நம்ம வீட்டுலதான் இருக்கேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. தனக்காக மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார். மூட்டையை இறக்கி வைத்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து மரத்தடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது, ஒரு நட்சத்திரமும் தெரிந்தது. முகம் சுருங்கிவிட்டது.

"வீட்டைக் கண்டுபிடிச்சதெல்லாம் சரிதான்" என்றாள். "நான் இல்லாத நேரத்துல கூரை ஓட்டைய இவ்வளவு பெருசாக்கி வச்சிருக்கியளே. ஒரு சட்டி பத்துமா?"