கிணற்றுக்குள் சிந்தனைச் செம்மல்

சிந்தனைச் செம்மல் அருள்மணாளன் என்று ஒருத்தர் இருந்தார். தூங்கிக் கிடக்கிற மனித மூளையைத் தட்டி எழுப்புவதுதான் அவருக்குத் தொழில். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், அவரே நோட்டீசில் அச்சடித்துக்கொண்டதுதான். அந்த மனுஷன் எந்தக் கெட்ட நேரத்தில் கிளம்பினாரோ, நெட்டைப்பனையூருக்கு வந்து சேர்ந்தார்.

நெட்டைப்பனையூர்க்காரர்களைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை, பாவம். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஊர் அது. 'கொஞ்சம் வாயை மூடுய்யா' என்று எவனோ சொன்னதற்கு, மூன்று நாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த வம்சம்.

கூட்டத்துக்கு வந்தது நாலே பேர். பம்ப் ஆபரேட்டர் ஆவுடையப்பன், அவர் மச்சான் மாசானம், டீக்கடை வெயிலுமுத்து, எந்த வேலையும் இல்லாத சுடலைக்கண்ணு. நாலு பேரும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில் அருள்மணாளனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நண்பர்களே! மூன்றே மூன்று பழக்கம்! ஒரு நேரத்தில் ஒரே வேலை, கவனம் சிதறவே கூடாது. எது நடந்தாலும் 'ஏன்?' என்று ஐந்து முறை கேளுங்கள். எல்லாரும் செய்வதைச் செய்யாதீர்கள், புதிதாக யோசியுங்கள்!" என்று முழங்கினார். முழங்கிய களைப்பில், ஆவுடையப்பன் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டவர் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். வயக்காட்டுக் கிணற்றோரம் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. போனை மாசானத்திடம் நீட்டினார். மாசானம் காலையில் கற்ற முதல் பழக்கத்தைக் கையில் எடுத்தான். படம் ஒன்றுதான் வேலை, கிணறு கிணற்றின் பாட்டுக்குக் கிடக்கட்டும்.

"சார், கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். தொப்பை முழுசா வரல சார், இன்னும் ஒரே ஒரு எட்டு..."

தொபுக்கடீர்!

மாசானம் போனைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "அடச்சே, காலு ரெண்டுந்தான் வந்திருக்கு."

தண்ணீர் அருள்மணாளனுக்கு இடுப்பளவுதான் இருந்தது. நீச்சல் தெரியாது, ஏறிவரப் படிக்கட்டும் இல்லை. ஆனாலும் அவர் பதறவில்லை. அண்ணாந்தால் கப்பியில் கயிறு தொங்குவது தெரிகிறது. மேலே நாலு ஆள், அதுவும் தன் கையால் பயிற்சி பெற்ற ஆட்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. அது நல்ல ஊற்றுள்ள கிணறு. மோட்டார் நின்றால் தண்ணீர் மடமடவென்று ஏறும்.

"நண்பர்களே, கயிற்றைப் போடுங்கள்!" என்றார் மேடைக் குரலில்.

"இருங்க சார், முதல்ல 'ஏன்' கேக்கணும்லா," என்ற ஆவுடையப்பன் மற்றவர்களைக் கிணற்றுமேட்டில் உட்கார வைத்தார். "ஏன் விழுந்தாரு?"

"பின்னாடி போனாரு," என்றான் வெயிலுமுத்து.

"ஏன் போனாரு?"

"நாந்தான் போகச் சொன்னேன்," என்றான் மாசானம்.

"ஏம்ல சொன்ன?"

"தொப்பை படத்துக்குள்ள அடங்கல."

"ஏன் அடங்கல?"

"மூணு தடவை சோறு வாங்கித் தின்னா எப்படி மச்சான் அடங்கும்?"

"ஏன் மூணு தடவை?"

எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் சுடலைக்கண்ணு தயங்கித் தயங்கிச் சொன்னான். "உங்க வீட்டு அக்கா வைக்குற குழம்பு அப்படி அண்ணாச்சி."

ஆவுடையப்பன் கண் கலங்கிவிட்டார். மூல காரணம் தன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது! "வெயிலுமுத்து, ஓடிப் போயி, இனிமே குழம்பை நல்லா வைக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லிட்டு வா."

அவன் போய்ச் சொல்லி, அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான். அதற்குள் தண்ணீர் அருள்மணாளனின் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"ஐயா சாமிகளா! கயிறு! கயித்தைப் போடுங்கய்யா!" மேடைத் தமிழ் எப்போதோ மூழ்கிவிட்டது.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "சார் நம்மளப் பரீட்சை வைக்காரு," என்றான் மாசானம். "கிணத்துல விழுந்தா கயிறு போடுகது ஊரு உலகம் பூரா செய்கதுல்லா? யாரும் கயித்தப் பக்கமே போகாதீங்க."

"ஏணி?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"அதுவும் பழசுதான். அவரை மேல கொண்டுவரணும்னு நினைக்கதே பழசு," என்று எழுந்தான் சுடலைக்கண்ணு. பிறந்ததிலிருந்து அவன் யோசித்த முதல் யோசனை அது. "பூமியைக் கீழ கொண்டுபோனா என்ன? பக்கத்துலயே அவரு ஆழத்துக்குத் தோண்டுவோம். சார் பாட்டுக்குச் சமதரையில நடந்து வெளிய வந்திருவாரு."

ஆவுடையப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உடனே மண்வெட்டி வந்தது. தோண்டின மண்ணை எங்கே கொட்டுவது என்று ஒரு சின்ன வாக்குவாதம். பள்ளம் இருக்கிற இடத்தில் கொட்டுவதுதான் முறை என்று முடிவாயிற்று. பள்ளம் என்று பார்த்தால் பக்கத்தில் அந்தக் கிணறு ஒன்றுதான்.

முதல் கூடை மண் அருள்மணாளனின் உச்சந்தலையில் வந்து விழுந்தது. இருபது வருஷமாக மேடையில் சொன்னதெல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போனது. எந்த ஊரிலும் ஒருத்தனும் அதைச் செய்து பார்த்ததில்லை. அதனால்தான் இத்தனை நாள் பிழைத்துக் கிடந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கழுத்தளவு தண்ணீரில் நின்று கை இரண்டையும் கூப்பினார்.

"ஐயோ, நான் சொன்னதெல்லாம் தப்புய்யா! காலையில இருந்து நான் சொன்னது அத்தனையையும் மறந்துடுங்க! ஒண்ணுவிடாம மறந்துடுங்க!"

மேலே மண்வெட்டி நின்றது. "அத்தனையையுமா சார்?" என்று எட்டிப் பார்த்தார் ஆவுடையப்பன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவரின் வாய்க்குள், ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த அடுத்த கூடை மண் விழுந்தது.

"கயித்தைப் போடச் சொன்னாரே, அது?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"அதுவும் அவரு சொன்னதுதானல? ஒண்ணுவிடாம மறக்கணும்னாரு," என்றார் ஆவுடையப்பன்.

நாலு பேரும் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, ரொம்பச் சிரத்தையாக மறந்தார்கள். மறந்து முடித்ததும், இங்கே எதற்கு நிற்கிறோம் என்று புரியாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மண்ணைத் துப்பிவிட்டு அருள்மணாளன் கத்திய கத்தலுக்குப் பனையில் இருந்த குருவிகள்தான் பறந்தன.

நல்லவேளை, கரண்ட் வந்தது. மோட்டார் தானாக ஓடி, கழுத்துக்கு வந்த தண்ணீர் மெல்ல மெல்ல இடுப்புக்கு இறங்கியது. கிணற்றுமேட்டில் காலடிச் சத்தம். மறந்துபோன மண்வெட்டியை எடுக்க வந்த மாசானத்தின் தலை மேலே தெரிந்தது. அருள்மணாளனுக்கு உயிரே வந்தது.

"மாசானம்! தம்பி மாசானம்! நான்தான்பா!"

மாசானம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மன்னிக்கணும் அண்ணாச்சி, வெளியூர் ஆளு குளிக்கது தெரியாம எட்டிப் பாத்துட்டேன்," என்றான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாரோ பெரிய மனுஷர், தலையெல்லாம் மண்ணாக நிற்கிறார். மோட்டார் ரூம் மாடத்தில் கிடந்த பாதி சோப்பை எடுத்துவந்து, அவர் கையில் சரியாக விழுகிற மாதிரி போட்டுவிட்டுப் போனான்.